சேஃப்டி இல்லாத துப்பாக்கியும் மனைவியின் சந்தேகமும்

டெக்சாஸில் கைத்துப்பாக்கிப் பயிற்சியாளராக இருக்கும் நம் கட்டுரையாளர், அமெரிக்கா வாழ் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன.

கேள்வி: ஐயா, வணக்கம். கிரீன் கார்டு கிடைத்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. இரவில் கடையை மூடிவிட்டுப் பணத்தோடு வீடு திரும்புகிறவன் என்பதால் கிளாக் 19 என்ற பிஸ்டலை வாங்கினேன். அதில், தவறி வெடிக்காமல் தடுக்கும், கட்டைவிரலால் தள்ளிவிடும் சேஃப்டி என்ற பொத்தான் கிடையாது. "டிரிக்கரில் விரலை வைக்காதவரை ஒன்றும் ஆகாது" என்றார் விற்றவர். "தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பூட்டாமல் செருகிக்கொண்டு காரில் என் பக்கத்தில் உட்காராதீர்கள்" என்கிறார் என் மனைவி. யார் சொல்வதை நம்புவது?
— ஹூஸ்டன் வாசகர்

பதில்: விற்றவர் சொன்னது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. உங்கள் மனைவி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பழியை, துப்பாக்கியில் இல்லாத பொத்தானின் மேல் போட்டுவிட்டார்.

முதலில் அந்தத் துப்பாக்கிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஆஸ்திரியாக்காரரான காஸ்டன் கிளாக் வடிவமைத்த முதல் பிஸ்டலை அந்நாட்டு ராணுவம் 1982இல் ஏற்றுக்கொண்டது. அதில் கையால் தள்ளும் சேஃப்டி இல்லை. தானாக வேலை செய்யும் தடைகள் மூன்று இருக்கின்றன. டிரிக்கரின் நடுவில் ஒரு சின்னத் தகடு துருத்திக்கொண்டிருக்கிறதல்லவா, அது அழுந்தினால்தான் டிரிக்கர் பின்னால் நகரும். துப்பாக்கியின் மேல்பகுதியில் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடுக்குள், தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியின் பாதையை ஒரு குமிழ் மறித்துக்கொண்டு நிற்கிறது. டிரிக்கரை இழுக்கும்போதுதான் அது விலகும். மூன்றாவது, டிரிக்கரோடு இணைந்த பட்டை ஒரு மேடையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. டிரிக்கர் பின்னால் வராமல் அந்தப் பட்டை கீழே இறங்க முடியாது, அது இறங்காமல் ஊசி விடுபடாது. ஆகவே துப்பாக்கி கை தவறிக் கீழே விழுந்தாலும், கதவில் இடித்துக்கொண்டாலும் வெடிக்காத வகையில்தான் செய்திருக்கிறார்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? மூன்று தடைகளையும் திறக்கும் சாவி ஒன்றே ஒன்றுதான். டிரிக்கர். அதை இழுப்பது உங்கள் விரலா, சட்டையின் ஓரமா, ஜாக்கெட்டில் தொங்கும் கயிற்றின் முனையா என்று துப்பாக்கிக்குத் தெரியாது. இழுத்தால் வெடிக்கும். அதற்குத் தேவையான விசை ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. டிரிக்கரை இழுத்தாலே சுத்தியல் பின்னால் போய் அடிக்கும் பழைய டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர்களிலும் சேஃப்டி கிடையாது, அமெரிக்கப் போலீசார் பல தலைமுறைகளாக அவற்றைத்தான் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஆனால் அவற்றின் டிரிக்கரை இழுக்க ஏறக்குறைய இரு மடங்கு பலம் வேண்டும், இழுக்க வேண்டிய தூரமும் அதிகம். அந்தக் கனமே ஒரு காவலாக இருந்தது. உங்கள் கையில் இருப்பதில் அந்தக் காவல் குறைவு. எனவே அந்த வேலையை வேறொன்று செய்தாக வேண்டும். அதுதான் ஹோல்ஸ்டர் என்கிற உறை.

விற்றவர் உறையைப் பற்றிப் பேசினாரா? உங்கள் கடிதத்தில் "செருகிக்கொண்டு" என்ற சொல்லைப் பார்த்ததிலிருந்து எனக்கு அதே யோசனை.

உறையில்லாமல் செருகினால் என்ன நடக்கும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. நியூயார்க் ஜயன்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் பிளாக்சிகோ பர்ரெஸ், 2008 பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் வெற்றியைத் தந்த பந்தைப் பிடித்தவர். அதே ஆண்டு நவம்பரில் மன்ஹாட்டனில் ஓர் இரவு விடுதிக்குப் போனபோது இடுப்புப் பட்டியில் ஒரு கிளாக்கைச் செருகியிருந்தார். அது காலோடு வழுக்கி இறங்கியது. பதறிப்போய்ப் பிடித்தார். தொடையில் குண்டு பாய்ந்தது. நியூயார்க்கில் செல்லுபடியாகும் உரிமம் இல்லாததால் இரண்டு ஆண்டு சிறைத்தண்டனையும் கிடைத்தது. பந்தைப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட கை அது! விழுகிற துப்பாக்கியைப் பிடிக்கப் பாயும் விரல், கண் காட்டும் இடத்துக்குப் போகாது. பிடி கிடைக்கும் இடத்துக்குப் போகும், அது பெரும்பாலும் டிரிக்கர் வளையம். விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிடுங்கள். தரையில் விழுவதைத் தாங்கத்தான் அந்த மூன்று தடைகள்.

இனி உறை. என் வகுப்புக்கு வருகிறவர்களில் பலர் அறுநூறு டாலருக்குத் துப்பாக்கியும் பதினைந்து டாலருக்கு நைலான் உறையும் வாங்கி வருகிறார்கள். "எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்று அட்டையில் போட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதற்கும் பொருந்தாது. பழைய தலையணை உறையைப் போலத் தொளதொளவென்று இருக்கும் அதைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும். உங்கள் மாடலுக்கென்றே வார்த்த, கைடெக்ஸ் போன்ற கெட்டியான பிளாஸ்டிக் உறை வாங்குங்கள். நல்ல தோலும் சரிதான். ஆனால் நாளடைவில் தோல் தொய்ந்து அதன் வாய்ப்பகுதி உள்பக்கம் மடியும். அந்த மடிப்பே டிரிக்கர் வளையத்துக்குள் புகுந்து துப்பாக்கியை வெடிக்கவைக்கும்.

வாங்கியதும் வீட்டில் சோதித்துப் பாருங்கள். தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, சுடத் தயாரான தோட்டா உட்காரும் இடமான சேம்பர் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு உறைக்குள் செருகுங்கள். இப்போது உறையின் வெளிப்புறத்தில், டிரிக்கர் இருக்கும் இடத்தில், கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள். எதுவும் அசையக் கூடாது. கட்டிலுக்கு மேலே தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். கழன்று விழக் கூடாது. துப்பாக்கியை வெளியே எடுத்த பிறகும் உறையின் வாய் திறந்தபடியே இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த உறையைக் குப்பையில் போடுங்கள், யாருக்கும் தானம் செய்யாதீர்கள்.

அடுத்து, எடுப்பதை விடத் திரும்ப வைப்பதில்தான் ஆபத்து அதிகம். எடுக்கும்போது எல்லாரும் கவனமாக இருக்கிறார்கள். வைக்கும்போது வேலை முடிந்தது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. சினிமாக் கதாநாயகன் போலக் கண்ணை எதிரே வைத்துக்கொண்டு, பழக்கத்தில் சொருகிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். இடது கையால் சட்டையை மார்புவரை தூக்கிப் பிடியுங்கள். தலையைக் குனிந்து உறையின் வாயைப் பாருங்கள். உள்ளே துணியோ கயிறோ இல்லையென்று தெரிந்த பிறகு மெதுவாக இறக்குங்கள். வலது ஆள்காட்டி விரல் டிரிக்கர் வளையத்துக்கு வெளியே, ஸ்லைடின் பக்கவாட்டில் நீட்டி இருக்கட்டும். இறங்கும்போது எங்காவது தடுத்தால் நிறுத்திவிட்டு வெளியே எடுங்கள். தடுப்பது எது என்று தெரியாமல் அழுத்துகிறவர்தான் சுட்டுக்கொள்கிறார்.

வயிற்றின் முன்பக்கம், பெல்ட்டுக்கு உள்ளே வைக்கும் பழக்கம் இப்போது பரவலாகியிருக்கிறது. அங்கே குழலின் வாய் பார்ப்பது எதை என்று நான் சொல்லத் தேவையில்லை. தொடையின் பெரிய ரத்தக்குழாயும் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. அந்த இடத்தில் வைப்பவர்களுக்கு நான் சொல்வது: உறையை முதலில் இடுப்பிலிருந்து கழற்றுங்கள், துப்பாக்கியைக் கையில் உறைக்குள் வைத்துப் பூட்டியதும் இரண்டையும் சேர்த்து இடுப்பில் மாட்டுங்கள். வகுப்பில் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

காரில் உங்கள் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்ததும் அதைத் தொடாதீர்கள். சீட் பெல்ட் அழுத்துகிறது, தொப்பை இடிக்கிறது என்று ஓட்டும்போதே உருவி டேஷ்போர்டில் வைப்பவர்களை எனக்குத் தெரியும். கெட்டியான உறைக்குள் இருக்கும் துப்பாக்கி, சேஃப்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தானாக ஒன்றும் செய்துவிடாது. கையில் எடுத்துக் குடையும்போதுதான் ஆபத்து. கழற்றியே ஆக வேண்டும் என்றால் வண்டியை நிறுத்திவிட்டு, உறையோடு சேர்த்துக் கழற்றுங்கள்.

இந்தப் பதிலை மனைவியிடமும் காட்டுங்கள். முடிந்தால் அவரையும் வகுப்புக்கு அழைத்து வாருங்கள். கேள்வி கேட்பவர்கள் நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

கேள்வி: அண்ணா, அமெரிக்க ராணுவமே சேஃப்டி வைத்த பிஸ்டலைத்தானே தேர்ந்தெடுத்தது? அப்படியிருக்க, சேஃப்டி வேண்டாம் என்று சொல்லும் பயிற்சியாளர்களை எப்படி நம்புவது?
— சான் அன்டோனியோ வாசகர்

பதில்: தம்பி, சேஃப்டி வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. 2017இல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த எம்17, சிக் சாவர் பி320இன் ராணுவ வடிவம். அதில் கட்டைவிரல் சேஃப்டி இருக்கிறது, உண்மைதான். அதற்கு நூறாண்டு முன்பு ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1911 என்ற ராணுவப் பிஸ்டலிலும் அது சேர்ந்தது குதிரைப்படையினரின் தேவைக்காக. ஒரு கையில் கடிவாளம், மறுகையில் சுடத் தயாரான துப்பாக்கி. குதிரை மிரண்டால் அதை எப்படி உறையில் போடுவது? அதற்கான விடைதான் அந்தச் சேஃப்டி. அதாவது, உறைக்குள் திரும்ப வைக்கும் நேரத்துக்காகவே பிறந்த பொருள் அது. அந்தக் காரணம் இன்றைக்கும் செல்லும்.

பிறகு ஏன் பலர் வேண்டாம் என்கிறார்கள்? உயிர் போகும் நேரத்தில் பொத்தானைத் தள்ள மறந்துவிடுவோம் என்ற பயம். பயிற்சி இல்லாதவருக்கு அந்தப் பயம் நியாயமானதே. பயிற்சி செய்தவருக்கு, உறையிலிருந்து வெளியே வந்து குழல் எதிரே திரும்பும்போதே கட்டைவிரல் தானாகக் கீழே தள்ளிவிடும். தனி நேரம் எடுக்காது. ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்ட், சிக் பி365 போன்ற சிறிய பிஸ்டல்கள் இரண்டு வகையிலும் கிடைக்கின்றன. சேஃப்டி இருந்தால் நிம்மதி என்று தோன்றினால் தயங்காமல் அதை வாங்குங்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஒரு முறை தள்ளிப் பழகி, மறுமுறை அதைத் தொடாமலேயே விட்டுவிடும் வேலை கூடாது. வீட்டில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று இரண்டு விதமான துப்பாக்கிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதும் கூடாது.

நீங்கள் குறிப்பிட்ட அதே குடும்பத்துத் துப்பாக்கியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பொதுமக்களுக்கு விற்ற பி320, குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று 2017இல் தெரியவந்தது. தயாரிப்பாளர்கள் டிரிக்கர் அமைப்பை மாற்றித் தரும் திட்டத்தை அறிவித்தார்கள். வெளியே தெரியும் பொத்தானைப் பற்றியே நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத உள்பாகம் சரியாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பழைய துப்பாக்கி வாங்குவதாக இருந்தால், அதன் வரிசை எண்ணுக்கு அப்படி ஏதாவது மாற்றம் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: அண்ணா, நான் செவிலியராக இரவுப் பணியில் இருக்கிறேன். இடுப்பில் கட்டுவது எனக்குத் தோதுப்படவில்லை. சேஃப்டி உள்ள சிறிய பிஸ்டல் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டால் போதாதா? வீட்டில் மூன்று வயது மகன் இருக்கிறான்.
— டல்லாஸ் வாசகி

பதில்: போதாது, தங்கச்சி. கடைசி வரியை நீங்கள் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்.

2014 டிசம்பர் இறுதியில், ஐடஹோ மாநிலத்தில் ஒரு பெரிய கடையில் இளம் தாய் ஒருவர் பொருள் வாங்கிக்கொண்டிருந்தார். தள்ளுவண்டியில் அவருடைய இரண்டு வயது மகன்; பக்கத்திலேயே கைப்பை. துப்பாக்கி வைப்பதற்கென்றே செய்த பை அது. தனி அறை, தனி ஜிப். குழந்தை ஜிப்பைத் திறந்து கையை விட்டான். தாய் அங்கேயே இறந்துபோனார். துப்பாக்கியில் பழகிய, பொறுப்பான குடும்பம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

கட்டைவிரல் சேஃப்டி குழந்தைகளுக்கான பூட்டு இல்லை. பெரியவர்கள் ஒரு நொடியில் தள்ளிவிட வேண்டும் என்பதற்காகச் செய்தது. குழந்தை விளையாட்டாகவே தள்ளிவிடும். அத்தோடு கைப்பையை மேசையில் வைப்பீர்கள், காரில் பின்சீட்டில் போடுவீர்கள், மகன் சாக்லேட் தேடி அதைத்தான் முதலில் திறப்பான். டெக்சாஸ் சட்டப்படி, 17 வயதுக்குக் குறைந்தவர் கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அலட்சியமாக வைப்பது குற்றம். அதனால் யாராவது இறந்தாலோ படுகாயம் அடைந்தாலோ தண்டனை கூடும். அந்த நிலைமையில் சட்டம் கொடுக்கும் தண்டனையைப் பற்றி யார் கவலைப்படப்போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

இடுப்பில் கட்டத் தோதுப்படாது என்றால், வயிற்றைச் சுற்றி அணியும் பட்டிகள் இருக்கின்றன. ஆனால் டிரிக்கரை மூடும் கெட்டியான உறை உள்ளே தைத்தது மட்டும். வெறும் எலாஸ்டிக் துணிப் பட்டி வேண்டாம். நீங்கள் வேலை செய்யும் மருத்துவமனை துப்பாக்கியை அனுமதிக்கிறதா என்பதையும் முதலில் கேளுங்கள், பெரும்பாலானவை அனுமதிப்பதில்லை. அனுமதி இல்லையென்றால் உங்களுக்கு நான் சொல்லும் வழி துப்பாக்கியே இல்லை. வேலை முடிந்து வண்டிவரை துணைக்கு வரும்படி அங்குள்ள பாதுகாவலரைக் கேட்பதுதான்.

கேள்வி: சேம்பரைக் காலியாக வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது ஸ்லைடை இழுத்துக்கொள்ளலாமே? என் நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.
— அட்லாண்டா வாசகர்

பதில்: கேலி செய்கிறவர்கள் உங்களுக்காகச் சிறைக்குப் போகப்போவதில்லை. இஸ்ரேலில் பயிற்சி பெற்றவர்கள் பலகாலம் இப்படித்தான் வைத்திருந்தார்கள். அதனால் இங்கே அதை "இஸ்ரேலிய முறை" என்றே சொல்கிறார்கள். குறை என்னவென்றால், இரண்டு கையும் வேண்டும். ஒரு கையால் தாக்குகிறவனைத் தள்ளிக்கொண்டிருந்தாலோ குழந்தையைப் பிடித்திருந்தாலோ ஸ்லைடை இழுக்க முடியாது. பதற்றத்தில் பாதி இழுத்துச் சிக்க வைத்துவிடுவதும் உண்டு.

ஆனாலும் புதியவர்களுக்கு இதை நான் ஒரு படியாகவே பரிந்துரைக்கிறேன். துப்பாக்கியில் தோட்டாவே இல்லாமல், ஸ்லைடை ஒரு முறை இழுத்துவிட்டு, உறையில் போட்டு, வீட்டுக்குள்ளேயே நாள் முழுவதும் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். குனியுங்கள், சோபாவில் விழுந்து எழுங்கள், படி ஏறுங்கள். இரவில் பாருங்கள். கிளாக் போன்ற பிஸ்டலில் டிரிக்கர் முன்னால் நின்றால், அன்று முழுவதும் அதை எதுவும் இழுக்கவில்லை என்று அர்த்தம். பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தால் ஏதோ இழுத்திருக்கிறது, உறையை மாற்றுங்கள். இப்படிச் சில வாரங்கள் பார்த்தவர்களுக்கு, என் வார்த்தையை நம்ப வேண்டிய அவசியமே இருக்காது.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் டெக்சாஸில் இருக்கிறேன். இங்கே உரிமமே தேவையில்லை என்கிறார்களே, நானும் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?
— ஆஸ்டின் வாசகர்

பதில்: கூடாது. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பிய, சட்டத் தடை ஏதும் இல்லாதவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது சரி. நீங்கள் "சட்டத் தடை இல்லாதவர்" அல்ல. குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடை செய்கிறது. மாநிலச் சட்டம் அதை மாற்ற முடியாது. அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. அதற்குப் பிறகு விசா, கிரீன் கார்டு எதையும் நினைத்துப் பார்க்க வேண்டியதில்லை. நண்பரின் துப்பாக்கியைப் பயிற்சிக்கூடத்தில் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் "வைத்திருப்பது" என்ற கணக்கில்தான் சேரும். வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. அதை நம்பி எதையும் செய்வதற்கு முன் வழக்கறிஞரிடம் போங்கள், என்னிடம் வேண்டாம்.

கிரீன் கார்டு வந்த பிறகு, உரிமம் கட்டாயமில்லை என்றாலும் வகுப்புக்கு வந்து அதை எடுங்கள். மூன்று, ஏழு, பதினைந்து கஜ தூரத்தில் 50 தோட்டாக்கள் சுட வேண்டும். கடினமான தேர்வு இல்லை. ஆனால் யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று உங்கள் விரல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்.

கேள்வி: தினமும் இரவில் தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு, காலையில் மறுபடி நிரப்ப வேண்டுமா?
— ஹூஸ்டனிலிருந்து இன்னொரு வாசகர்

பதில்: வேண்டாம். ஒரே தோட்டாவை மறுபடி மறுபடி சேம்பருக்குள் தள்ளினால் அதன் ஈயமுனை, தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் சற்றுச் சற்றாக உள்வாங்கும்; சுடும்போது அழுத்தம் அளவு மீறும். புதிய தோட்டாவோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். அதைவிட முக்கியம், ஏற்றுவதும் இறக்குவதும் தினமும் தூக்கக் கலக்கத்தில் துப்பாக்கியைக் கையாளும் இரண்டு சந்தர்ப்பங்கள். டிரிக்கர் மூடிய உறையோடு சேர்த்துக் கழற்றி, அப்படியே பூட்டுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். காலையில் உறையோடு எடுத்து மாட்டிக்கொள்ளலாம். பெட்டியின் எண்ணைப் பிள்ளைகளின் பிறந்த தேதியாக வைக்காதீர்கள். முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பார்கள்.